வீட்ல வைஃபை ஃபுல்லா காட்டும், நெட் மட்டும் வராது: ஏன் இப்படி ஆகுது, எங்க பாக்கணும்

போன்ல வைஃபை கோடு முழுசா நிக்குது, பக்கத்துல ஒரு சின்ன ஆச்சரியக்குறி, உள்ள போய் பாத்தா "கனெக்ட் ஆயிருக்கு, இன்டர்நெட் இல்ல"ன்னு ஒரு வரி. கோலாலம்பூர், பினாங்கு பக்கம் இந்த வரிய பாக்காத வீடே இருக்காது. பாத்த உடனே நம்ம ஆளுங்க செய்யுறது ரெண்டுல ஒன்னு, ரூட்டர் பின்னாடி இருக்குற குட்டி ஓட்டையில ஊசிய விட்டு ரீசெட் அடிக்கிறது, இல்லன்னா ரூட்டர் போயிடுச்சுன்னு முடிவு பண்ணி கோலாலம்பூர்ல எலக்ட்ரானிக் கடைங்க இருக்குற லோ யாட்டுக்கு கெளம்பிப் போய் புதுசு வாங்கிட்டு வர்றது. ரெண்டுமே பெரும்பாலும் தேவையில்லாத வேல, முதலாவது இருக்குற பிரச்சனைய இன்னும் பெருசாக்கும், ரெண்டாவது காசுக்கு கேடு. இத கொஞ்சம் பொறுமையா விளக்கி எழுதணும்னு ரொம்ப நாளா நெனச்சிட்டு இருந்தேன், ஏன்னா வீட்ல தனியா இருக்குற வயசானவங்க தான் இதுல ரொம்ப மாட்டிக்கிறாங்க, பிள்ளைங்க சிங்கப்பூர்லயோ ஜோகூர்லயோ வேலைக்குப் போயிருப்பாங்க, இவங்களுக்கு ராத்திரி வர்ற அந்த வீடியோ கால் தான் எல்லாமே.

மொதல்ல அந்த கோடு என்ன சொல்லுதுன்னு பாப்போம். அது போனுக்கும் ரூட்டருக்கும் நடுவுல இருக்குற ரேடியோ சிக்னல மட்டும் தான் அளக்குது, அதுக்கு மேல அதுக்கு ஒன்னும் தெரியாது. ரூட்டருக்கு அந்தப் பக்கம் ரோட்டோரத்துல கேபிள் அறுந்து கெடந்தாலும் கோடு முழுசா தான் நிக்கும். தண்ணி கட் ஆன அன்னிக்கு வீட்டுப் பைப்பு எல்லாம் நல்லா தான் இருக்கும், தொறந்தா காத்து தான் வரும் இல்லையா, அதே கணக்கு. அதனால இந்த நேரத்துல வைஃபை பாஸ்வேர்ட மாத்திப் பாக்குறதோ, போன ரூட்டர் பக்கத்துல கொண்டு போய் வெக்கிறதோ பெருசா எதுக்கும் உதவாது.

சரி, இன்டர்நெட் இல்லன்னு போனுக்கு யாரு சொன்னா? அதுவா தான் கேட்டுத் தெரிஞ்சிக்குது. ஆண்ட்ராய்டு போன் வைஃபையில சேந்த உடனே கூகுளோட ஒரு சர்வருக்கு நமக்குத் தெரியாமலே ஒரு சின்ன கேள்வி அனுப்பும், அங்கேந்து 204ங்குற நம்பரோட வெறும் பதில் ஒன்னு வரணும், வந்தா நெட் இருக்குன்னு அர்த்தம். ஐபோன் இதே மாதிரி ஆப்பிள் சர்வர்கிட்ட கேட்கும், அங்கேந்து "சக்சஸ்"னு ஒரு வார்த்த வரணும். விண்டோஸ் லேப்டாப் மைக்ரோசாஃப்ட் சர்வர்லேந்து "மைக்ரோசாஃப்ட் கனெக்ட் டெஸ்ட்"னு ஒரே வரி இருக்குற குட்டி ஃபைல எடுத்துப் பாக்கும். ஹோட்டல்லயும் ஏர்போர்ட்லயும் லாகின் பக்கம் தானா தொறக்குது பாருங்க, அதுவும் இந்தக் கேள்விக்கு வேற பதில் வர்றதால தான்.

இதுல தெரிஞ்சிக்க வேண்டிய ஒன்னு, அந்த ஆச்சரியக்குறி ஒரு சர்வர் பதில் சொன்னுச்சா இல்லையாங்குறத மட்டும் வெச்சு போன் எடுக்குற முடிவு, அது எல்லா நேரமும் சரியா இருக்காது. 2020-ல விண்டோஸ் 10-ல இது பெரிய தலவலியாவே ஆச்சு, நெட் நல்லா ஓடிட்டு இருக்கும், ஆனா கீழ மஞ்ச முக்கோணம் போட்டு இன்டர்நெட் இல்லன்னு சொல்லும், அத நம்பி சில ஆப் தொறக்கவே மாட்டேங்கும். அதனால குறிய பாத்த உடனே பதறாம, பிரவுசர்ல ஏதாவது ரெண்டு பக்கத்த தொறந்து பாத்துட்டு அப்புறம் மத்த வேலய பாருங்க.

நெஜமாவே வரலன்னா, அடுத்து பாக்க வேண்டியது இன்னொரு சாமான். டிவி, பையனோட லேப்டாப், அம்மாவோட போன், எதுவா இருந்தாலும் சரி. எல்லாத்துலயும் நெட் இல்லன்னா கோளாறு ரூட்டர்லயோ அதுக்கு வெளியவோ இருக்கு, ஒன்னுல மட்டும் இல்லன்னா அந்த ஒன்னுக்குள்ள தான் இருக்கு. இந்த ஒரு நிமிஷ வேலய செய்யாம ரூட்டர கழட்டுறவங்கள பாத்தா எனக்கு நெஜமாவே மனசு கஷ்டமா இருக்கு, அவ்வளவு சின்ன விஷயம், அவ்வளவு நேரம் மிச்சமாகும்.

எல்லாத்துலயும் இல்லன்னு வெச்சிக்குவோம். இப்ப சுவத்து ஓரமா இருக்குற ஃபைபர் பெட்டிக்கு வாங்க. நெறைய பேரு எல்லாத்தையும் சேத்து மோடம்னு சொல்லிடுவாங்க, ஆனா பொதுவா ரெண்டு பெட்டி இருக்கும், மெல்லிசா ஒரு வயர் சுவத்துலேந்து வந்து குத்துற பெட்டி ஒன்னு, அதுலேந்து லேன் கேபிள் போய் சேர்ற ரூட்டர் ஒன்னு, புது வீடுங்கள்ல ரெண்டும் ஒரே பெட்டியா குடுத்துடுறாங்க. அந்த ஃபைபர் பெட்டி முன்னாடி பவர், பிஓஎன், எல்ஓஎஸ்னு வெளக்குங்க இருக்கும். பிஓஎன் பச்சையா அசையாம நிக்கணும், எல்ஓஎஸ் அணைஞ்சிருக்கணும். எல்ஓஎஸ் செவப்பா மின்னுதுன்னா வெளிய இருந்து வர வேண்டிய ஒளி பெட்டிக்கு வந்து சேரல, அவ்வளவு தான் விஷயம், இதுக்கு மேல வீட்டுக்குள்ள நீங்க ரூட்டர்ல என்ன செஞ்சாலும் ஒன்னும் ஆகாது. பிஓஎன் மட்டும் நிக்காம மின்னிக்கிட்டே இருந்தா ஒளி வருது, ஆனா கம்பெனி பக்கத்து மெஷின்ல உங்க பெட்டி இன்னும் பதிவாகல.

அந்த மெல்லிசு வயருக்குள்ள இருக்குறது கண்ணாடி இழை. செம்பு வயர மாதிரி அத மடக்க முடியாது, கூர்மையா மடங்குன இடத்துல ஒளி வெளிய கசிஞ்சிடும். அந்த வயர சோபா சுவத்தோட நசுக்குறது, கதவு இடுக்குல மாட்டுறது, பெட்டிய தொடைக்கிறேன்னு இழுத்து வெக்கிறது, வயர் நீளமா இருக்குன்னு சுருட்டி ரப்பர் பேண்ட் போடுறது, வீட்டுக்கு பெயின்ட் அடிக்க வந்தவங்க நகத்திட்டுப் போறது, எல்ஓஎஸ் எரியுற வீடுங்கள்ல மொதல்ல சந்தேகப்பட வேண்டியது இதையெல்லாம் தான். தீபாவளிக்கு முன்னாடி வீடு கழுவுற சமயத்துல இத கொஞ்சம் ஞாபகம் வெச்சிக்குங்க. பச்சைக் கலர் பிளக் மாதிரி ஒன்னு பெட்டியில குத்தியிருக்கும், அது ஆடுதான்னு லேசா தொட்டுப் பாக்கலாம், ஆனா கழட்டி வாயால ஊதி திரும்ப மாட்டாதீங்க, எச்சில் ஒட்டினாலும் விரல் பட்டாலும் ஒளி கொறையும், முனைய கண்ணுக்கு நேரா வெச்சுப் பாக்குறதும் கூடாது. டெக்னிஷியன் வந்தா ஒரு சின்ன மீட்டர மாட்டி ஒளி எவ்வளவு வருதுன்னு பாப்பாரு, பொதுவா இந்தப் பெட்டிங்க மைனஸ் 27 டிபிஎம் (ஒளியோட பலத்த அளக்குற அளவு) வரைக்கும் தான் தாங்கும், அதுக்குக் கீழ போனா விட்டு விட்டு அறும். தெருவுல வர்ற ஒரே இழைய பிரிச்சு 32 வீடு, 64 வீடுன்னு குடுக்குற அமைப்பு இது, அதனால எல்ஓஎஸ் எரிஞ்சா பக்கத்து வீட்லயும் ஒரு வார்த்த கேளுங்க, அவங்களுக்கும் இல்லன்னா வெளிய லைன் போயிருக்கு, உங்களுக்கு மட்டும் இல்லன்னா உங்க வீட்டு இழையில தான் கோளாறு.

டெலிகாம் மலேசியாவோட ஃபைபர் நெட்டான யூனிஃபை 2010 மார்ச்சுல வந்தப்ப பங்சார், தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் மாதிரி சில இடத்துல தான் மொதல்ல குடுத்தாங்க, அதுக்கு முன்னாடி ஸ்ட்ரீமிக்ஸ் காலத்துல எல்லாம் டெலிபோன் லைன்ல வந்த நெட் தான். பழைய ஃப்ளாட், கொண்டோ சிலதுல ஃபைபர் கீழ கட்டடம் வரைக்கும் மட்டும் வந்து அங்கேந்து மேல வீட்டுக்கு பழைய செம்பு வயர்லயே ஏத்துனாங்க, அந்த மாதிரி வீடுன்னா எல்ஓஎஸ் வெளக்கு இருக்காது, டிஎஸ்எல்னு இருக்கும். இதுல மின்னல் விஷயம் முக்கியம். கிள்ளான் பள்ளத்தாக்கு உலகத்துலயே மின்னல் ரொம்ப அடிக்கிற பகுதிங்கள்ல ஒன்னு, ஏப்ரல் மே மாசமும் அக்டோபர் நவம்பர் மாசமும் சாயங்காலம் ஆனா இடி தான். கண்ணாடி இழையில கரண்ட் பாயாது, செம்புல பாயும், அடாப்டர் வழியாவும் பாயும். இடி இடிச்சு முடிச்சதுக்கு அப்புறம் வைஃபை இருக்கு நெட் இல்லன்னா, ஃபைபர் பெட்டி, ரூட்டர் ரெண்டுலயும் வெளக்கு எரிஞ்சாலும், ரெண்டுக்கும் நடுவுல இருக்குற லேன் ஓட்டை மட்டும் செத்துப் போயிருக்கலாம். ரூட்டர்ல வேன் (WAN)னு போட்டிருக்குற, வெளிய இருந்து நெட் வர்ற ஓட்டை பக்கத்துல வெளக்கு எரியுதான்னு பாருங்க, எரியலன்னா கேபிள மாத்திப் பாருங்க, ஃபைபர் பெட்டியில இன்னொரு ஓட்டையில அவசரப்பட்டு குத்தாதீங்க, அதுல எல்லா ஓட்டையும் நெட்டுக்கு திறந்து வெச்சிருக்க மாட்டாங்க.

இப்ப ரீசெட் ஓட்டைக்கு வருவோம், இத நான் கொஞ்சம் அழுத்தியே சொல்லணும். ரீஸ்டார்ட்டும் ரீசெட்டும் ஒன்னு இல்ல. இங்க நெறைய ஃபைபர் லைன்ல ரூட்டர் தன்னோட யூசர்நேம் பாஸ்வேர்ட சொல்லி கம்பெனிகிட்ட லாகின் ஆகணும், பிபிபிஓஇன்னு சொல்லுவாங்க, யூனிஃபைன்னா பேருக்குப் பின்னாடி அட் யூனிஃபைன்னு முடியும், அது போக ஒரே லைன்ல நெட்டையும் டிவியையும் பிரிச்சு விடுற விலான்னு ஒரு நம்பர் சரியா இருக்கணும், யூனிஃபை நெட்டுக்கு 500, அவங்க டிவிக்கு 600. ஊசிய விட்டு பத்து செகண்ட் அழுத்தினா இதெல்லாம் அழிஞ்சு போயிடும், வைஃபை பேரும் பாஸ்வேர்டும் சேந்து போயிடும். ரூட்டர் திரும்ப உயிரோட வந்து வைஃபை குடுக்கும், போன் அழகா சேரும், நெட் மட்டும் வரவே வராது. காலையில வெறும் லைன் பிரச்சனையா இருந்தது, தானா மதியத்துக்குள்ள சரியாகி இருக்க வேண்டியது, இப்ப டெக்னிஷியன் வந்தா தான் ஆச்சுங்குற நெலமைக்குப் போயிடுது. கடையில புது ரூட்டர் வாங்குறவங்களுக்கும் இதே கதை தான், அந்த லாகினும் விலானும் போடாம புதுப் பெட்டி வேல செய்யாது. அந்த யூசர்நேம் பாஸ்வேர்ட லைன் போட்ட அன்னிக்கு குடுத்த பேப்பர்லேந்து எடுத்து எங்கயாவது எழுதி வெச்சிடுங்க, வீட்ல பெரியவங்க மட்டும் இருந்தா அவங்களுக்குத் தெரியுற எடத்துல வெச்சிடுங்க.

ரீஸ்டார்ட் செய்யலாம், தாராளமா செய்யலாம், ஆனா கொஞ்சம் முறையா. ரெண்டு பெட்டியையும் சுவிட்ச அணைச்சு ஒரு அஞ்சு நிமிஷம் விட்டுடுங்க. உடனே போட்டா கம்பெனி பக்கத்துல உங்க பழைய லாகின் இன்னும் உள்ள இருக்குற மாதிரியே கணக்குல நிக்கும், புது லாகின ஏத்துக்காம போகலாம், அது காலாவதி ஆகுற வரைக்கும் பொறுக்கணும். அப்புறம் ஃபைபர் பெட்டிய மொதல்ல போட்டு பிஓஎன் நிக்குற வரைக்கும் பாத்துட்டு, ரூட்டர போடுங்க. போட்டு ரெண்டு நிமிஷம் கூட ஆகாம திரும்ப அணைக்கிறவங்க இருக்காங்க, அது எழுந்து வர்றதுக்கு நேரம் வேணும்.

வெளக்கு எல்லாம் பச்சை, இருந்தும் ஒரு போன்ல மட்டும் வரலன்னா வைஃபை செட்டிங்ல அந்த வைஃபை பேர தொட்டு உள்ள போய் ஐபி அட்ரஸ்னு ஒரு நம்பர் இருக்கும், அத பாருங்க. பொதுவா 192.168-ல ஆரம்பிக்கும். அந்த இடம் காலியா இருந்தாலோ, லேப்டாப்ல 169.254-ல ஆரம்பிச்சாலோ, ரூட்டர் அந்த சாமானுக்கு நம்பர் குடுக்கல, கேட்டு கேட்டுப் பாத்துட்டு அதுவே ஒரு நம்பர போட்டுக்கிச்சு. இது எப்ப நடக்கும்? ரூட்டர்கிட்ட குடுக்க ஒரு அளவு நம்பர் தான் இருக்கும், குடுத்தத பல ரூட்டர் ஒரு நாள் வரைக்கும் திரும்ப வாங்காது. ஓப்பன் ஹவுஸ் வெச்சு சொந்தக்காரங்க, ஆபீஸ் ஆளுங்கன்னு எல்லாரும் வந்து ஆளுக்கு ஒரு போன், பிள்ளைங்களுக்கு ஒரு டேப்லெட்னு சேந்துட்டா, சின்ன அளவு வெச்சிருக்குற ரூட்டர்ல நம்பர் தீந்து போயிடும், கடைசியா வந்தவங்களுக்கு வைஃபை சேரும் நெட் வராது. ரூட்டர ரீஸ்டார்ட் செஞ்சா பெரும்பாலும் போதும். இன்னொன்னு, பழைய ரூட்டர வீணாக்க வேணாம்னு மாடியில லேன் கேபிள் இழுத்து மாட்டி வெச்சிருப்பாங்க, அதுவும் நம்பர் குடுக்கும் கீழ இருக்குறதும் குடுக்கும், எதுகிட்ட வாங்குச்சுங்குறத பொறுத்து ஒரு நேரம் நெட் வரும் ஒரு நேரம் வராது. மாடியில இருக்குறத, நம்பர் குடுக்காம வைஃபைய மட்டும் பரப்புற ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு மாத்திட்டா இந்த சண்டை தீரும்.

பினாங்கு பக்கம் நீட்டா பின்னாடி வரைக்கும் போற வரிசை வீடு, கனமான செங்கல் சுவரு, முன் ஹால்ல ரூட்டர் இருந்தா அடுப்படிக்கு சிக்னல் போகாது. அதுக்குன்னு எக்ஸ்டெண்டர் ஒன்னு வாங்கி நடுவுல குத்துவாங்க. போன் அந்த எக்ஸ்டெண்டரோட சேந்து கோடு முழுசா காட்டும், ஆனா எக்ஸ்டெண்டருக்கும் ரூட்டருக்கும் நடுவுல அறுந்திருந்தா நெட் எங்கேந்து வரும்? ரூட்டரோட பாஸ்வேர்ட மாத்தினா எக்ஸ்டெண்டர்லயும் மாத்தணும்ங்குறத மறந்துடுறாங்க. போன எடுத்துட்டு முன் ஹாலுக்குப் போங்க, எக்ஸ்டெண்டர அணைச்சிடுங்க, ரூட்டரோட நேரா சேந்து பாருங்க, வந்துச்சுன்னா கோளாறு எங்கன்னு தெரிஞ்சு போச்சு.

இப்ப டிஎன்எஸ். பேர நம்பரா மாத்துற வேல இது, நம்ம அடிக்கிற பேருக்கு எந்த சர்வர் நம்பர்னு கேட்டுச் சொல்லுறது, 1983-லேந்து இப்படித் தான் ஓடுது. இது மட்டும் கெட்டா லைன் உயிரோட இருக்கும், ஏற்கனவே இணைஞ்சிருந்த சில ஆப் கூட ஓடிட்டு இருக்கும், பிரவுசர்ல மட்டும் எதுவும் தொறக்காது. லேப்டாப் இருந்தா கமாண்ட் பிராம்ப்ட்ல பிங்னு ஆங்கிலத்துல அடிச்சு ஒரு எடம் விட்டு 8.8.8.8 போடுங்க, பதில் வருதுன்னா லைன் இருக்கு. அதே மாதிரி ஒரு சைட்டோட பேர போட்டுப் பாருங்க, பேர கண்டுபிடிக்க முடியலன்னு சொன்னா டிஎன்எஸ் தான். 8.8.8.8 கூகுளோடது, 1.1.1.1 கிளவுட்ஃப்ளேரோடது, கம்பெனியோட டிஎன்எஸ் மக்கர் பண்ணா இங்க நெறைய பேரு இத போட்டுக்குவாங்க. 2024 செப்டம்பர்ல மலேசிய தொடர்பு பல்லூடக ஆணையம் இந்த வெளி டிஎன்எஸ்ஸுக்குப் போற கேள்விய எல்லாம் உள்ளூர் கம்பெனிங்களோட சர்வருக்கே திருப்பச் சொல்லி, சூதாட்ட சைட், ஆபாச சைட்லேந்து மக்கள காப்பாத்தன்னு காரணம் சொன்னாங்க, ஜனங்க பெருசா எதிர்த்ததும் செப்டம்பர் 8-ஆம் தேதி அமைச்சர் ஃபாமி ஃபாட்சில் அத நிறுத்தச் சொல்லிட்டாரு. திறந்து சொல்லுறேன், நிறுத்துனது நல்லது தான், ஒரு டிஎன்எஸ் கெட்டா இன்னொன்னுக்குப் போற வழி ஜனங்ககிட்ட இருக்கணும்.

செந்தூல்ல ஒரு ஃப்ளாட்ல நான் பாத்தது இது. ஆண்ட்டி போன்ல கோடு முழுசா இருக்கு, டிவியில யூடியூப் ஓடுது, போன்ல மட்டும் எதுவும் வரல. "தம்பி, புது போன் வாங்கணுமா, உண்மைய சொல்லு"ன்னு கேக்குறாங்க. செட்டிங்ல நெட்வொர்க் பக்கம் போனா பிரைவேட் டிஎன்எஸ்னு ஒன்னு, அதுக்குள்ள ஏதோ ஒரு சர்வர் பேரு நீளமா அடிச்சு வெச்சிருக்கு. கேட்டா, "எதிர்வீட்டுப் பையன் வெளம்பரம் வராம இருக்க செஞ்சு குடுத்தான் பா, நல்லா தான் ஓடிச்சு." ஆண்ட்ராய்டு 9-லேந்து வந்த வசதி இது, பேரு போட்டு வெச்ச அந்த சர்வர் பதில் சொல்லலன்னா போன் வேற எங்கயும் போய் கேட்காது, டேட்டா போட்டாலும் அதே நெலம தான். ஆட்டோமேட்டிக்னு மாத்தி வெச்சதும் வாட்ஸ்அப் மெசேஜ் எல்லாம் மடமடன்னு வந்து விழுந்துச்சு. விபிஎன் ஆப் ஒன்ன போட்டு மறந்தாலும் கிட்டத்தட்ட இதே மாதிரி தான் ஆகும். போன் தேதி தப்பா இருந்தாலும் பாருங்க, பல நாள் சார்ஜ் இல்லாம கெடந்த பழைய டேப்லெட்ட எடுத்தா வருஷம் பின்னாடி போயிருக்கும், சைட்டோட சான்றிதழ் இன்னும் ஆரம்பிக்கவே இல்லன்னு நெனச்சு ஒன்னையும் தொறக்காது.

சில நேரம் உங்க வீட்ல ஒரு குறையும் இருக்காது. 2021 அக்டோபர் 4 ராத்திரி நமக்கு பன்னெண்டு மணி நெருங்குறப்ப ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூனும் ஒன்னா போச்சு, விடியற வரைக்கும் வரல, அவங்க நெட்வொர்க் பாதைங்க மத்த நெட்வொர்க்கோட பட்டியல்லேந்து காணாம போனதால தான். வாட்ஸ்அப்ப மட்டும் தொறக்குறவங்களுக்கு அன்னிக்கு நெட்டே இல்லன்னு தான் தோணியிருக்கும். 2006 டிசம்பர் 26-ல தைவான் பக்கம் நெலநடுக்கத்துல கடலடி கேபிளுங்க அறுந்தப்ப ஆசியாவுல பல நாட்டுக்கு வெளிநாட்டு சைட் எல்லாம் தவிச்சுப் போச்சு. அந்த மாதிரி நேரத்துல உள்ளூர் பேங்க் சைட் தொறக்கும், வெளிநாட்டு சைட் இழுக்கும், இத வெச்சே வித்தியாசம் தெரியும். அப்புறம் ஒன்னு, பில்லு கட்டியாச்சான்னு பாருங்க. பெட்டியில எல்லாம் பச்சையா எரியும், கம்பெனி மட்டும் வெளிய விடாது, பில்லு கட்டச் சொல்லுற பக்கத்துக்குத் திருப்பி விடுவாங்க, அந்தப் பக்கம் சில போன்ல தெரியவே தெரியாது.

கடைசியா கம்பெனிக்கு போன் போட வேண்டி வந்தா, போடுறதுக்கு முன்னாடி, ரீஸ்டார்ட் செய்யுறதுக்கும் முன்னாடி, ரெண்டு பெட்டியோட வெளக்கையும் போன்ல ஒரு படம் எடுத்து வெச்சிக்குங்க. "நெட் இல்ல"ன்னு சொன்னா அந்தப் பக்கம் இருக்குறவங்க முதல்லேந்து எல்லாத்தையும் செய்யச் சொல்லுவாங்க, அது அவங்க வேல, "எல்ஓஎஸ் செவப்பா மின்னுது, இத்தன மணியிலேந்து, பக்கத்து வீட்லயும் இல்ல"ன்னு சொன்னா பேச்சு சீக்கிரம் டெக்னிஷியன் பக்கம் திரும்பும். இல்லன்னா "பிஓஎன் பச்சை, ரூட்டர் லாகின் ஆகல"ன்னு சொல்லுங்க. ரிப்போர்ட் நம்பர கேட்டு வாங்கி எழுதி வெச்சிக்குங்க, தேதியோட. அந்த நம்பர் கையில இருந்தா தான், கம்பெனி பதில் சொல்லாம இழுத்தடிச்சா மலேசிய தொடர்பு பல்லூடக ஆணையத்தோட புகார் தளத்துல போடும்போது மொதல்ல கம்பெனிகிட்ட சொன்னதுக்கு ஆதாரமா காட்ட முடியும், வீட்ல வயசானவங்க தனியா இருக்காங்கன்னா அதையும் புகார்ல எழுதுங்க.